டாக்டிக்கல் பூட்ஸ் வாங்குறதுக்கு முன்னாடி: ஈரம் உள்ள போனா வெளிய வருமா?

மேற்குத் தொடர்ச்சி மலைல இருக்குற அகத்தியர்கூடம் உச்சிய பாத்துட்டு இறங்கி வர்றப்போ, பொங்காலப்பாறை தாண்டி கொஞ்ச தூரத்துல என் வலது கால் பூட்ஸோட சோல் வாயப் பொளந்துக்கிச்சு. முன்பக்கம் மட்டும் இல்ல, குதிகால் வரைக்கும் அப்படியே பிரிஞ்சு தொங்குது. அரை மணி நேரத்துல இடது காலும் அதே கதி. அங்கேருந்து அதிருமலை கேம்ப்புக்கு வரணும், மறுநாள் முட்டிடிச்சான் தேரி இறங்கி, அட்டையாறு, கரமனையாறுனு ஓடை ஓடையா தாண்டி, ட்ரெக் ஆரம்பிக்கிற போணக்காடு வரைக்கும் நடக்கணும். நடுவுல ரோடும் கிடையாது, கடையும் கிடையாது. கூட வந்த கைடு அண்ணன் ஒரு நைலான் கயித்த ரெண்டா வெட்டி பூட்ஸ சுத்தி எட்டு மாதிரி கட்டி விட்டாரு, அது கல்லுல உரசி அறுந்து போக, திரும்ப கட்ட, இப்படியே தான் கீழ வந்து சேந்தேன்.

அந்த பூட்ஸ் பழசு இல்லங்க, அதான் எனக்கு ஆறவே இல்ல. அஞ்சு வருஷம் முன்னாடி வாங்கினது, மொத்தமா ஆறு தடவ போட்டிருப்பேன். கருப்பு கலர், எட்டு இன்ச் உயரம், சைடுல ஜிப், பாத்தா கமாண்டோ போடுறது மாதிரியே இருக்கும். டாக்டிக்கல் பூட்ஸ்னு போட்டிருந்துச்சு, நம்பி வாங்கிட்டேன்.

ஊருக்கு வந்ததும் திருநெல்வேலி டவுன்ல நாங்க வழக்கமா செருப்பு தைக்க குடுக்குற பெரியவர்கிட்ட கொண்டு போனேன். சோல திருப்பி பாத்துட்டு நடுவுல இருந்த மெத்து மாதிரி பகுதிய நகத்தால சொரண்டினாரு, பொல பொலனு உதிருது. "பரண்ல போட்டு வச்சிருந்தீயளா அண்ணாச்சி? இது பசை விட்டது இல்ல, சரக்கே செத்துப் போச்சு, ஒட்டினாலும் நிக்காது"ன்னாரு. அப்போ தான் எனக்கு விஷயமே புரிஞ்சுது. அதுக்கப்புறம் இத பத்தி தேடித் தேடி படிச்சு, கடை கடையா ஏறி, தெரிஞ்சவங்கள கேட்டு சேத்து வச்சத தான் இங்க எழுதுறேன், உங்களுக்காவது உதவட்டும்.

பூட்ஸோட அடிப்பாகம் ஒரே துண்டு இல்ல. தரைய தொடுற ரப்பர் ஒன்னு, அதுக்கும் காலுக்கும் நடுவுல அதிர்ச்சிய வாங்குற மிட்சோல் ஒன்னு. இந்த மிட்சோல் பெரும்பாலும் பாலியூரித்தேன், இல்லன்னா ஈவிஏ, ரெண்டும் நுரை மாதிரி பிளாஸ்டிக். பாலியூரித்தேன் நல்ல பொருள் தான், பாரம் தாங்கும், சீக்கிரம் அமுங்கிப் போகாது. ஆனா காத்துல இருக்குற ஈரப்பதமே அத கொஞ்சம் கொஞ்சமா அரிச்சு தின்னும், ஹைட்ராலிசிஸ்னு சொல்றாங்க. போட்டு நடந்தாலும் நடக்கலைனாலும் அது பாட்டுக்கு நடக்கும், காத்து போகாம டப்பாக்குள்ள மூடி வச்சா இன்னும் மோசம். நம்ம ஊரு வெக்கையும் புழுக்கமும் அதுக்கு தோதான இடம். நான் என்ன பண்ணேன், பத்திரமா இருக்கட்டும்னு பிளாஸ்டிக் கவர்ல சுத்தி பரண்ல வச்சேன். பாதுகாக்கிறதா நெனச்சு நானே அத கெடுத்திருக்கேன். ஈவிஏ இப்படி உதிராது, எடையும் கம்மி, ஆனா நாளாக ஆக அமுங்கி தட்டையாயிடும். அதனால வாங்குறப்போ மிட்சோல் என்னனு கேளுங்க, பாலியூரித்தேன்னா எப்போ தயாரிச்சதுனு, லேஸுக்கு அடில இருக்குற நாக்குக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கிற லேபிள்ல தேதி இருக்கானு பாருங்க. ஆஃபர்ல பாதி விலைக்கு வருதுன்னா பல நேரம் அது குடோன்லயே பல வருஷம் கெடந்ததா இருக்கும்.

டாக்டிக்கல்ங்கிறது ஒரு தரமே கிடையாது, இத நல்லா மனசுல வச்சுக்கோங்க. யாரு வேணா எதுக்கு வேணா அந்த பேர போட்டுக்கலாம். பேக்டரில போடுற சேப்டி பூட்ஸ எடுத்து கொஞ்சம் மிலிட்டரி மாதிரி தச்சு அதே பேர்ல விக்கிறாங்க. ஐஎஸ் 15298னு முத்திரை இருந்துச்சுன்னா அது சேப்டி ஷூவுக்கான இந்திய தரம், விரலுக்கு மேல ஸ்டீலோ பைபரோ வச்ச கூடு இருக்கும். பேக்டரிக்கு அது அவசியம், மலைக்கு அது வேணாம். இறங்கறப்போ விரல் முன்னாடி போய் அந்த கூட்டுல இடிச்சு இடிச்சு நகம் கருத்து விழுந்துடும், எடையும் கூட.

எடைய சாதாரணமா நெனைக்காதீங்க. கால்ல ஒரு கிலோ ஏறுனா முதுகுல நாலஞ்சு கிலோ ஏத்தினதுக்கு சமமான சக்தி செலவாகும்னு ராணுவத்துக்காக நடந்த ஆய்வுகள்லயே பாத்திருக்காங்க. ஒரு நாளைக்கு இருபதாயிரம் தடவ தூக்கி வைக்கிற கால்ல 200 கிராம் கம்மியானா சாயங்காலம் உங்க தொடைக்கு தெரியும்.

எங்க மாமா மெட்ராஸ் ரெஜிமென்ட்ல இருந்து ரிட்டயர் ஆனவரு. சோல் பிரிஞ்ச கதைய சொன்னதும் அவரு கேட்ட முதல் கேள்வி, "மருமவனே, அந்த பூட்ஸுக்குள்ள தண்ணி போனா எந்த வழியா வெளிய வரும்?" எனக்கு பதில் தெரியல. வாட்டர்ப்ரூப்னு பெருமையா சொன்னேன். "அப்ப போன தண்ணி உள்ளேயே தான் கெடக்கும், கால் ஊறிப் போயிரும், ஊறின கால்ல தான் கொப்புளம் வரும்"னாரு.

அவரு சொன்னது அவ்வளவும் உண்மை. கோர்டெக்ஸ் மாதிரி தண்ணி புகாத லைனிங் குளிர் பிரதேசத்துக்கு அருமை, பனி, சேறு, கணுக்கால் அளவு தண்ணினா சரி. நம்ம மேற்குத் தொடர்ச்சி மலைல ஓடைய தாண்டும்போது முழங்கால் வரைக்கும் தண்ணி, மேல் வழியா உள்ள எறங்கிடும், அப்புறம் அந்த லைனிங்கே தண்ணிய வெளிய விடாம பிடிச்சு வச்சுக்கும். போதாததுக்கு வேர்வை வேற. லைனிங் இல்லாத, துணியும் தோலும் கலந்த பூட்ஸ் தான் நம்ம காட்டுக்கு ஏத்தது. அமெரிக்க ராணுவம் வியட்நாம்ல இதே பாடத்த தான் படிச்சுது. முழுத் தோல் பூட்ஸ் போட்டு கால் ஊறி அழுக ஆரம்பிச்சதும் மேல்பாதி கேன்வாஸ், அப்புறம் நைலான், கீழ்பாதி தோல்னு மாத்தி, பாதத்தோட உள்பக்கம் ரெண்டு ஓட்டை போட்டு வலை வச்ச கண்ணு வச்சாங்க, தண்ணி அது வழியா போயிடும். அதான் ஜங்கிள் பூட்ஸ். இப்பவும் அந்த கண்ணு வச்ச மாடல் வருது, பூட்ஸோட உள்பக்க ஓரத்துல தேடிப் பாருங்க. மேல் துணி கார்டுரா நைலான்னா முள்ளுக்கும் கிழியாம நிக்கும்.

நம்ம ஊருல வனத்துறை வாட்சர்கள் கால கவனிச்சிருக்கீங்களா? நெறய பேரு பச்சை கேன்வாஸ்ல ஒரு ஹண்டர் ஷூ தான் போட்டிருப்பாங்க, சில நூறு ரூபா தான் விலை. அந்த கைடு அண்ணன் போட்டிருந்ததும் அதே. எடையே தெரியாது, நனைஞ்சா நடக்க நடக்க காஞ்சிடும், சேத்துல பிடிக்கும். காட்டுலயே பொழைக்கிறவங்க அத போடுறாங்கன்னா காரணம் இல்லாம இல்ல. ஒரே குறை, அடி மெல்லிசு, பத்து கிலோ பைய தூக்கிட்டு பழக்கமில்லாத நாம மூணு நாள் நடந்தா உள்ளங்கால் கல்லையெல்லாம் எண்ணிடும். உள்ள ஒரு நல்ல இன்சோல் வாங்கி போட்டீங்கன்னா ஒரு நாள் ட்ரெக்குக்கு தாராளமா போதும், புதுசா மலை ஏற ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் இதையே தான் சொல்றேன்.

சோல் விஷயம். விப்ரம்னு மஞ்சள் கலர்ல எழுதியிருக்கிறத பாத்திருப்பீங்க, அது விட்டாலே பிரமானிங்கிற இத்தாலிக்காரரோட பேர்ல இருந்து வந்தது. 1935ல ஆல்ப்ஸ்ல அவரு கூட போனவங்கள்ல 6 பேரு இறந்துட்டாங்க, சரியான காலணி இல்லாதது ஒரு முக்கிய காரணம். அந்த துக்கத்துல தான் ரப்பர் சோல்ல ஆழமான பல் வச்சு 1937ல கொண்டு வந்தாரு. இன்னைக்கு நாம பாக்குற மலையேறுற சோல் எல்லாத்துக்கும் அதான் தாய். ஆனா பல் ஆழமா இருந்தா மட்டும் போதாது. பல்லுக்கு பல் இடைவெளி வேணும், இல்லன்னா களிமண் அடைச்சு சோல் வழவழனு ஆயிடும். பாசி பிடிச்ச ஈரப் பாறைல பல்லு உதவாது, ரப்பரோட மென்மை தான் உதவும். கட்டை விரல் நகத்தால சோல அழுத்திப் பாருங்க, லேசா பதியணும். கல்லு மாதிரி இருந்தா ரொம்ப வருஷம் தேயாது, ஆனா ஈரப் பாறைல ஆள தள்ளி விட்டுடும். உழைப்பு வேணுமா பிடிப்பு வேணுமானு கேட்டா நான் பிடிப்புனு தான் சொல்வேன், சோல் தேஞ்சா வேற வாங்கிக்கலாம்.

சைடு ஜிப் வேணாம். டூட்டிக்கு அவசரமா மாட்டிக்கிட்டு ஓடுற போலீஸ்காரங்களுக்கு அது வசதி. காட்டுல மண்ணு பூந்து பல்லு பிடிச்சுக்கும், ஜிப் போச்சுன்னா பூட்ஸே போச்சு. நாக்கு ரெண்டு பக்கமும் மேல வரைக்கும் சேத்து தச்சிருக்கானு விரல விட்டு பாருங்க. இது சின்ன விஷயமா தெரியும், அட்டை இருக்குற காட்டுல இது தான் பெரிய விஷயம். நாக்கு ஓரத்துல இடைவெளி இருந்தா அட்டை நேரா உள்ள போயிடும். அப்பவும் லேஸ் ஓட்டை வழியா நுழையும், அதனால நெருக்கமா நெய்த துணில தச்ச அட்டை சாக்ஸ பேன்டுக்கு மேல ஏத்தி முழங்காலுக்கு கீழ கட்டிட்டு, மூக்குப்பொடியையோ புகையிலை ஊறின தண்ணியையோ பூட்ஸ் மேல தடவிக்கோங்க.

உயரம் ஆறு இன்ச்சா எட்டு இன்ச்சா? உயரமா இருந்தா கணுக்கால் பிசகவே பிசகாதுன்னு நெனைக்காதீங்க, அதுக்கு உங்க கணுக்காலே பலமா இருக்கணும். ஆனா பாம்புக் கடி பெரும்பாலும் பாதத்துலயும் கணுக்கால்லயும் தான் விழுது, குழிவிரியன் சருகுக்குள்ள கெடந்தா கண்ணுக்கே தெரியாது. அதுக்காகவே நான் எட்டு இன்ச் எடுப்பேன்.

சைஸுக்கு வருவோம், ஏன்னா மேல சொன்ன எல்லாம் சரியா இருந்து சைஸ் தப்புன்னா அத்தனையும் வீண். சாயங்காலமா கடைக்கு போங்க, அப்போ தான் கால் வீங்கியிருக்கும். மலைல போடப்போற அதே சாக்ஸ எடுத்துட்டு போங்க. காட்டன் சாக்ஸ் வேணவே வேணாம், ஈரத்த பிடிச்சுக்கும், கம்பளியோ நைலான் கலந்ததோ எடுங்க. லேஸ் கட்டாம கால முன்னாடி தள்ளினா குதிகாலுக்கு பின்னாடி ஒரு விரல் நுழையணும். அப்புறம் இன்சோல வெளிய உருவி அது மேல நின்னு பாருங்க, பாதம் ரெண்டு பக்கமும் வெளிய பிதுங்குச்சுன்னா அது உங்களுக்கு இல்ல. சின்ன வயசுல இருந்து வெறுங்கால்லயும் செருப்புலயும் நடந்து வளந்த நமக்கு முன்பாதம் அகலம், வெளிநாட்டு அச்சு பல நேரம் ஒல்லி. நீளத்துல ஒரு சைஸ் கூட்டி எடுத்தா அகலம் சரியாகாது, குதிகால் தான் ஆடும், வைடு மாடல் இருக்கானு கேளுங்க. யூகே 8 எடுக்குறவங்களுக்கு யூஎஸ்ல 9, அத பாக்காம ஆன்லைன்ல ஆர்டர் போட்டு அவதிப்பட்டவங்க நெறய. கடைல மாடிப்படி இருந்தா நாலு தடவ இறங்கிப் பாருங்க, விரல் முன்னாடி இடிச்சா அங்கேயே கழட்டி வச்சுட்டு வந்துடுங்க. நடந்தா சரியாயிடும் சார்னு கடைக்காரர் சொல்வாரு, தோல் கொஞ்சம் விட்டுக் குடுக்கும், நீளம் கூடாது.

வாங்கின உடனே மலைக்கு கெளம்பாதீங்க. ரெண்டு மூணு வாரம் வீட்டுலயும் தெருவுலயும் போட்டு நடங்க. நனைஞ்சா செய்தித்தாள கசக்கி உள்ள திணிச்சு நெழல்ல காய வைங்க, கேம்ப்ல தீ கிட்ட வச்சா தோல் வெடிக்கும், பசையும் இளகும்.

நான் இப்போ வச்சிருக்கிறது லைனிங் இல்லாத, கார்டுராவும் தோலும் கலந்த ஒரு ஜோடி, மிட்சோல் ஈவிஏ. பரண்ல ஏத்துறதில்ல, வாசல் பக்கம் ரேக்ல காத்தோட்டமா கெடக்கு. வாரத்துல ரெண்டு நாள் விடியக்காலைல அத மாட்டிக்கிட்டு குறுக்குத்துறை ஆத்தங்கரை பக்கம் ஒரு மணி நேரம் நடக்குறேன். பையில எப்பவும் ஒரு ஜோடி உபரி லேஸும் ரெண்டு மீட்டர் நைலான் கயிறும் இருக்கும், அந்த கைடு அண்ணன் கட்டி விட்ட அந்த எட்டு முடிச்ச அவர்கிட்டயே கேட்டு கத்துக்கிட்டேன். ஜனவரில திரும்ப பாஸ் புக்கிங் திறந்ததும் அகத்தியர்கூடத்துக்கு போடணும், இந்த தடவ மாமாவும் போணக்காடு வரைக்கும் வர்றேன்னு சொல்லியிருக்காரு.