அண்ணன் தவறி விழவில்லை

மார்ச்சுவரி வாசலில் முதலில் நம்மிடம் வந்து பேசுகிறவர் போலீஸ்காரராக இருப்பார் என்று நினைக்காதீர்கள். அண்ணன் கழிவுநீர்த் தொட்டியில் இறந்தபோது எங்களிடம் வந்தவர் ஹவுஸ்கீப்பிங் கான்ட்ராக்டரின் ஆள். தமிழர்தான், கிருஷ்ணகிரிப் பக்கம். அண்ணியைத் தனியாகக் கூப்பிட்டு, "அசோசியேஷன்ல பேசி ரெண்டு லட்சம் வாங்கித் தர்றேன்மா, காரியத்துக்கு ஆகும்" என்றார். அசோசியேஷன் என்றால் அண்ணன் வேலை பார்த்த குடியிருப்பின் வீட்டுக்காரர்கள் சங்கம். கையில் டைப் அடித்த ஸ்டாம்ப் பேப்பர் தயாராக இருந்தது. என் அண்ணன் யாரும் சொல்லாமல் தானாகத் தொட்டிப் பக்கம் போய்த் தவறி விழுந்தார், குடும்பத்துக்கு யார் மேலும் புகார் இல்லை என்று அதில் எழுதியிருந்தது. போஸ்ட்மார்ட்டமே இன்னும் ஆரம்பிக்கவில்லை.

பெரியப்பா மாநகராட்சியில் பௌரகார்மிகராக, அதாவது துப்புரவுப் பணியாளராக இருந்து ரிட்டயர் ஆனவர், தொழிற்சங்கத்தில் பழகியவர். "இன்னைக்கு எந்தக் காகிதத்திலயும் கையெழுத்து கிடையாது" என்று அந்த ஆளிடம் சொல்லிவிட்டு, எங்களை எதிரே இருந்த டீக்கடைக்கு நகர்த்திக்கொண்டு போனார். அந்தக் காகிதத்துக்குச் சட்டத்தில் பெரிய மதிப்பில்லை, இது பேசி முடித்துக்கொள்கிற வகை வழக்கே இல்லை என்று பிற்பாடு வக்கீல் சொன்னார். ஆனால் கையெழுத்துப் போட்டிருந்தால் ஜாமீன் மனுவோடு அது கோர்ட்டுக்குப் போயிருக்கும். மனைவிக்கே புகார் இல்லை, பாருங்கள் என்று.

நாங்கள் பெங்களூரு லிங்கராஜபுரம். தாத்தா காலத்தில் திருப்பத்தூர்ப் பக்கமிருந்து வந்த குடும்பம். அண்ணனுக்கு நகரத்தின் கிழக்கே ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் ஹவுஸ்கீப்பிங் வேலை. அங்கே கழிவுநீரைச் சுத்திகரிக்கிற எஸ்.டி.பி. தரைக்கடியில் இருக்கிறது. பம்ப் அடைத்துக்கொண்டது, சூப்பர்வைசர் இறங்கிப் பார்க்கச் சொன்னார். முகமூடி இல்லை, காற்றைச் சோதிக்கிற மீட்டர் இல்லை. ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கொஞ்சமாக இருந்தால் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, ஓரிரு மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவார். அண்ணன் சாய்ந்ததைப் பார்த்து, மேலே நின்றிருந்த எங்கள் தெருப் பையன் தூக்கப் போனான். அவனும் வரவில்லை.

ஸ்டேஷனில் முதலில் போட்டது யு.டி.ஆர்., அதாவது இயற்கைக்கு மாறான மரணம் என்று ஒரு பதிவு. அதில் குற்றவாளி என்று யாரும் கிடையாது. "ஆயித்து பிடி அம்மா, மனேகே ஹோகி" என்று ரைட்டர் அம்மாவிடம் தன்மையாகத்தான் சொன்னார். முடிந்தது, வீட்டுக்குப் போங்கள் என்று. அந்தத் தன்மையில்தான் பல குடும்பங்கள் எழுந்து போய்விடுகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. அதட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருப்போம்.

நாங்கள் புகாரைக் கையால் எழுதிக் கொடுத்தோம். யார் இறங்கச் சொன்னார், எந்த நேரத்தில், என்ன பாதுகாப்புச் சாதனம் தரவில்லை, பக்கத்தில் யார் நின்றார்கள், இந்த நாலும் அதில் இருந்தே ஆக வேண்டும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். "தொட்டியில் இறந்து கிடந்தார்" என்று மட்டும் எழுதினால் தவறி விழுந்ததாகக் கதையை மாற்ற இடம் கிடைத்துவிடும். நல்லவேளை, சூப்பர்வைசர் கூப்பிட்ட வாய்ஸ் மெசேஜ் அண்ணனின் போனில் இருந்தது. போனை அப்படியே தூக்கிக் கொடுக்கவில்லை. மகஜர், அதாவது பொருளைக் கைப்பற்றியதற்கான பதிவு எழுதி, கையெழுத்து வாங்கி, நகல் எடுத்த பிறகே கொடுத்தோம்.

கேட்ட பிரிவுகள் இவை. அஜாக்கிரதையால் மரணம் விளைவித்ததற்கு பாரதிய நியாய சன்ஹிதா என்கிற புதிய தண்டனைச் சட்டத்தின் 106. பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கியதற்கு, 2013-ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளும் தொழில் தடைச் சட்டத்தில் 7 மற்றும் 9. முதல் தடவைக்கே இரண்டு வருடம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், இரண்டுமே கூடப் போடலாம். அப்புறம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். 2016 முதல் நடைமுறையில் இருக்கும் திருத்தப்படி, பட்டியல் சாதியைச் சேர்ந்தவரை மலம் அள்ள வைப்பதே வன்கொடுமைக் குற்றம்.

இந்த மூன்றாவதுதான் இழுத்தது. "இது மலம் அள்ளுறது இல்லையே, மெஷின் ரிப்பேர்" என்றார்கள். அரசாங்கமே நாடாளுமன்றத்தில் மலம் அள்ளுவதால் யாரும் சாகவில்லை, தொட்டியில் சாவது வேறு என்று கணக்கைப் பிரித்துத்தான் பதில் சொல்கிறது. அந்தத் தொட்டியில் வேறு என்ன இருந்ததாம்? சரி, ஸ்டேஷனில் கிடைக்காததை டி.சி.பி.க்கு, அதாவது போலீஸ் துணை ஆணையருக்கு, ஸ்பீட் போஸ்டில் அனுப்பினோம். சிவில் உரிமை அமலாக்க இயக்குநரகத்துக்கும், தேசியத் தூய்மைப் பணியாளர் ஆணையத்துக்கும் நகல் போனது. வன்கொடுமைச் சட்டத்தில் எஃப்.ஐ.ஆருக்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்று 18ஏ பிரிவு சொல்கிறது, வேண்டுமென்றே கடமை தவறும் அதிகாரிக்கு 4-ஆம் பிரிவில் தண்டனையும் உண்டு. இரண்டையும் கடிதத்தில் மரியாதையாகக் குறிப்பிட்டோம். பிரிவு சேர்ந்தது, விசாரணை போலீஸ் உதவி ஆணையரான ஏ.சி.பி. கைக்குப் போனது. அதற்குக் கீழே உள்ளவர் விசாரித்தால் அதையே காரணம் காட்டி வழக்கை உடைப்பார்கள்.

நடுவில் துக்கம் தனியாக நடந்துகொண்டிருந்தது. மறு போஸ்ட்மார்ட்டம் தேவைப்படலாம் என்று வக்கீல் சொன்னதால் அண்ணனை எரிக்காமல் கல்பள்ளி மயானத்தில் புதைத்தோம். அம்மாவுக்கு அதில் இன்றுவரை மனத்தாங்கல். மார்ச்சுவரியில் கொடுத்த பிளாஸ்டிக் கவரில் அண்ணனின் வெள்ளி அரைஞாண் இருந்தது. கரி பூசியதுபோல் கறுத்திருந்தது. அம்மா புளி போட்டுத் தேய்க்க எடுத்தார். அந்த வாயு பட்டால் வெள்ளி கறுக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்ததால் பிடுங்கி வைத்தேன். அதுவும் மடிவாளா தடயவியல் ஆய்வகத்துக்குப் போனது. அம்மா அன்று என்னிடம் பேசவில்லை.

அண்ணனின் பையையும் சட்டையையும் வாங்கப் போனபோது, குடியிருப்பின் செக்யூரிட்டி எங்களைப் பின் கேட்டுக்கு அனுப்பினார். வேலைக்காரர்களுக்கான சர்வீஸ் லிஃப்டில்தான் ஆபீசுக்கு ஏற்றினார்கள். எதிரே வந்த ஒரு பெண்மணி அண்ணியைப் பார்த்து உண்மையிலேயே கண்கலங்கி, "ரொம்ப நல்ல பையன்" என்றார். அப்படிச் சொல்லிவிட்டு அந்த அம்மா பக்கத்து லிஃப்டில் ஏறிக்கொண்டார். கெட்ட மனுஷி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இரண்டு லிஃப்டுகளை எந்தப் பிரிவில் எழுதுவது?

சாதிச் சான்றிதழ் இல்லாமல் வன்கொடுமை வழக்கு நகராது. கர்நாடகப் பட்டியலிலும் ஆதி திராவிடர் உண்டு, நாட கச்சேரி என்கிற வருவாய் அலுவலகத்தில் எடுத்த, ஆர்.டி. என்கிற பதிவு நம்பருள்ள சான்றிதழ் எங்களிடம் இருந்தது. தெருப் பையன் வீட்டில் சிக்கல். அவர்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவர் மட்டுமே பட்டியல் சாதி என்று 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை வைத்திருக்கிறது. தாத்தாக்கள் இருவரும் ஒரே சேரியிலிருந்து ஒன்றாக வந்தவர்கள். ஒரே தொட்டியில் செத்த இருவரில் ஒருவருக்குச் சாதிக் கொடுமை, இன்னொருவருக்கு வெறும் அஜாக்கிரதை. அவன் அம்மா என்னிடம் கேட்டார்: "ஏம்மா, கேஸுக்காக சாமியை மாத்திக்கணுமா?" நான் பதில் சொல்லவில்லை.

நஷ்டஈட்டில் மட்டும் இந்த வித்தியாசம் கிடையாது. 2014-இல் உச்ச நீதிமன்றம் பத்து லட்சம் என்று வைத்ததை, 2023 அக்டோபர் 20 தீர்ப்பில் முப்பது லட்சமாக உயர்த்தியது. சாதி, மதம் கேட்பதில்லை. தனியார் கட்டடம், அதனால் ஓனர் தரட்டும் என்று அதிகாரிகள் ஒதுங்கப் பார்ப்பார்கள், நகராதீர்கள். கலெக்டரான டெபுடி கமிஷனருக்கும் சமூக நலத்துறைக்கும் தனித்தனியாக மனு கொடுங்கள், ஒவ்வொன்றுக்கும் சீல் போட்ட நகல் வாங்குங்கள். வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் வருமானம் பார்க்காமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தில் இலவச வக்கீல் கிடைப்பார்.

பணம் வருகிற செய்தி வந்ததும் வீட்டுக்குள் ஒரு வழக்கு தொடங்கியது. குடும்ப உறுப்பினர்களைக் காட்டும் வம்சவிருட்சச் சான்றிதழில் அம்மா பெயரும் இருந்தது. சட்டப்படி அம்மாவும் வாரிசு. "என் பிள்ளைய வச்சு இவ பொறந்த வீட்டுக்குப் போயிடுவா" என்றார் அம்மா. அண்ணி தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். பெரியப்பா வீட்டில் உட்கார்ந்து பேசினோம். பெரும்பகுதி பிள்ளைகள் இருவர் பேரில் டெபாசிட், அம்மாவுக்கு ஒரு பங்கு, மீதி அண்ணிக்கு. கணக்கு தீர்ந்தது. பேச்சு இன்னும் சரியாக ஒட்டவில்லை. ஒரே சாவுக்கு இரண்டு பேர் அழும்போது யார் அழுகை பெரிது என்கிற போட்டியை எந்த நீதிமன்றமும் தீர்க்காது.

ஜாமீன் விசாரணையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வன்கொடுமைச் சட்டம் 15ஏ பிரிவின்படி, ஜாமீன் உட்பட எந்த விசாரணைக்கும் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு முன்கூட்டியே தகவல் தர வேண்டும், அவர்கள் பேச விரும்பினால் கேட்கவும் வேண்டும். எங்களுக்குத் தகவல் வரவில்லை. கோர்ட் இணையதளத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டு போய் எழுந்து நின்றோம், நீதிபதி தள்ளிவைத்தார். கடைசியில் ஜாமீன் கிடைத்தது. ஆனால் சாட்சிகளான மற்ற ஹவுஸ்கீப்பிங் ஆட்களை நெருங்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. அண்ணி எழுந்து பேசியிருக்காவிட்டால் அந்த வரி உத்தரவில் இருந்திருக்காது.

2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பெங்களூரு உட்பட ஆறு பெருநகரங்களில் சாக்கடையில் ஆளை இறக்குவதை அடியோடு நிறுத்தச் சொன்னது. எங்கள் தெருவில் இன்னமும் அந்த வேலைக்கு போன் வருகிறது.

குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டது. ஸ்பெஷல் கோர்ட்டில் அடுத்த வாய்தாவுக்கு அண்ணி சாட்சி சொல்ல வேண்டும். 1995-ஆம் ஆண்டு விதிகளின்படி சாட்சிக்குப் பயணச் செலவும் அன்றைய படியும் தர வேண்டும், கேட்டால்தான் தருவார்கள். அந்த மனுவைத்தான் இப்போது அண்ணியும் நானும் எழுதிக்கொண்டிருக்கிறோம். பஸ் டிக்கெட்டுகளை ஒட்ட வேண்டுமா, வேண்டாமா என்று வக்கீலிடம் கேட்க வேண்டும்.