ரெண்டு கட்டையில் பாடிய ஃபேன்

போன மே மாதம், கத்திரி வெயில் தொடங்கி ஒரு வாரம் இருக்கும். மதியம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயரலாம் என்று பாயை விரித்தபோது கூடத்திலிருந்து அப்பா கூப்பிட்டார். "டேய், உன் பெட்டி ரெண்டு கட்டையில பாடுதுடா. வந்து கேளு."

டிவி அணைந்துதான் கிடந்தது. அதன் கீழே, ஸ்டாண்டின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், டிவி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்ய நான் வைத்த கம்ப்யூட்டர் பெட்டியிலிருந்து, கொசு ஒன்று டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி ஒரே சுருதியில் சத்தம். அப்பா நாதஸ்வரப் பைத்தியம். பாரி நாயனம் என்கிற நீள நாதஸ்வரத்தின் சுருதி அவர் காதில் பதிந்துபோன ஒன்று. சும்மா சொல்கிறாரோ என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெட்டியின் பின்பக்கம் இருப்பது 40 மில்லிமீட்டர் குட்டி ஃபேன். நிமிடத்துக்கு 5,000 சுற்று என்று மதர்போர்டு காட்டியது. இறக்கை ஏழு. வினாடிக்கு 83.3 சுற்று, அதை ஏழால் பெருக்கினால் வினாடிக்கு 583 அதிர்வு, அதாவது 583 ஹெர்ட்ஸ். இரண்டு கட்டை என்கிற சுருதி மேற்கத்தியக் கணக்கில் டி. அதன் மேல் ஸ்தாயி 587 ஹெர்ட்ஸ். மனுஷன் நாலே நாலு ஹெர்ட்ஸ்தான் தவறியிருக்கிறார். அதுவும் ஃபேனின் தவறாகத்தான் இருக்கும்.

அந்தப் பெட்டியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். அப்பா தொண்ணூறுகளில் விசிஆரில் கச்சேரி பதிவு செய்தவர். 180 நிமிட கேசட்டுகள், முதுகில் நீல மையில் வித்வான் பெயர், ராகம், தேதி. பாதிக்குமேல் பூஞ்சை பிடித்துப் போய்விட்டன. ரிட்டையர் ஆனபிறகு மறுபடி அந்த ஆசை வந்தது. இப்போதெல்லாம் யூடியூபில் எல்லாம் கிடைக்கிறதே என்றால், "அது அவன் போட்டது, இது நான் புடிச்சது" என்பார். இதற்கு என்ன பதில் சொல்வது?

கட்டண டிடிஎச் நிகழ்ச்சிகளைக் கம்ப்யூட்டரில் நேரடியாகப் பதிவு செய்ய வழியில்லை. சிக்னல் பூட்டப்பட்டிருக்கும், சாவி அவர்கள் செட்டாப் பாக்ஸுக்குள் இருக்கும். எச்டிஎம்ஐ வழியாகப் பிடிக்கலாம் என்றால் அங்கும் ஒரு பூட்டு. அதனால் தூர்தர்ஷனின் இலவசச் சேவையான டிடி ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்று ஆரம்பித்தது, மாதச் சந்தா கிடையாது. பொதிகையாக இருந்து 2024 ஜனவரியில் பெயர் மாறிய டிடி தமிழ் அதில் பூட்டில்லாமல் வருகிறது. ஒரு டிஷ்ஷை வாங்கி மொட்டை மாடியில் நிறுத்தி, ஜிசாட்-15 செயற்கைக்கோள் இருக்கும் தென்கிழக்குத் திசையில் நன்றாக அண்ணாந்து பார்க்கும்படி திருப்பினோம். வேலூரில் எங்கள் வீட்டுக்கு அந்தத் திசையில் மறைக்க எதுவும் இல்லாதது என் அதிர்ஷ்டம்.

கம்ப்யூட்டர், ஆபீஸ் ஒன்று கழித்துக்கட்டிய சின்னப் பெட்டி. ஷூ டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிது. 35 வாட் ஐ3, 8 ஜிபி ராம், அரை உயரக் கார்டு போட ஒரே ஒரு இடம். அந்த இடத்தில் சாட்டிலைட் டியூனர் கார்டு. மேலே 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க். லினக்ஸில் டிவிஹெட்எண்ட் என்ற மென்பொருள் பதிவு செய்யும், கோடி (Kodi) என்ற இன்னொரு மென்பொருள் அதை டிவியில் காட்டும். குளிர்காலத்தில் ஒரு தொந்தரவும் இல்லை. வேலூரில் குளிர்காலம் எவ்வளவு நாள் என்று வேலூர்க்காரர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சத்தத்தோடு போயிருந்தால் பொறுத்திருப்பேன். ஆனால் பதிவும் கெட ஆரம்பித்தது. மதியம் பதிவான ஒரு கச்சேரியில், ஆலாபனை உச்சத்தில் இருக்கும்போது வித்வானின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து, குழல் வாய் ஒரு பக்கம், கன்னம் ஒரு பக்கம் என்று நின்றது. சத்தம் விக்கி விக்கி வந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ரிமோட்டை மட்டும் டீப்பாயின்மேல் கொஞ்சம் பலமாக வைத்தார்.

டிஷ் நகர்ந்துவிட்டது என்று முதலில் நினைத்தேன். பன்னிரண்டு மணி வெயிலில் மாடிக்கு ஏறி, காலில் செருப்பில்லாமல் போன முட்டாள்தனத்துக்குத் தண்டனை அனுபவித்து, டிஷ்ஷின் முன்னால் சிக்னலைப் பிடிக்கும் எல்என்பியின் கனெக்டரைக் கழற்றி மாட்டினேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. மழை பெய்தால் இந்த அலைவரிசையில் படம் உடையும், அது எல்லோருக்கும் தெரிந்தது. அந்த வெயிலில் ஏது மழை?

அப்புறம் ஹார்ட் டிஸ்க் மெதுவாகிவிட்டதோ என்று சந்தேகம். இதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. டிவி பதிவு என்பது நாம் நினைப்பதுபோல் கம்ப்யூட்டருக்குக் கஷ்டமான வேலையே இல்லை. சாட்டிலைட்டிலிருந்து வரும்போதே படம் சுருக்கப்பட்டுத்தான் வருகிறது. கம்ப்யூட்டர் அதை அப்படியே வாங்கி டிஸ்க்கில் கொட்டுகிறது, அவ்வளவுதான். சாதாரண சேனல் ஒன்று வினாடிக்கு 4 மெகாபிட் என்று வைத்தால் மணிக்கு 1.8 ஜிபி. பழைய பென்டிரைவே தாங்கும். பதிவு ஓடும்போது பிராசஸர் இரண்டு மூன்று சதவீதம்கூட வேலை செய்யவில்லை.

அப்படியானால் சூடு எங்கிருந்து வருகிறது? எல்லோரையும் போல நானும் பிராசஸரைத்தான் பிடித்தேன். கழற்றிப் பார்த்தால், சூட்டை ஹீட் சிங்க்குக்குக் கடத்தத் தடவும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாக உதிர்ந்தது. துடைத்துப் புதிதாகத் தடவினேன். ஹீட் சிங்க்கை மாற்றி, நாக்டுவா கம்பெனியின் 37 மில்லிமீட்டர் உயரக் குள்ளக் கூலரைப் போட்டேன். பிராசஸர் 84 டிகிரியிலிருந்து 72க்கு இறங்கியது. பெருமையாக அடுத்த கச்சேரியைப் பதிவு செய்தேன். நாற்பதாவது நிமிடத்தில் மறுபடி கட்டம் கட்டமாக உடைந்தது.

இந்த ‘நாற்பதாவது நிமிடம்’தான் துப்பு. டிவிஹெட்எண்டின் பதிவேட்டைப் புரட்டினால் எல்லா நாளும் பிழைகள் 35லிருந்து 45 நிமிடத்துக்குள்தான் தொடங்கியிருந்தன. காலைப் பதிவுகளில் பிழையே இல்லை. எதுவோ மெதுவாகச் சூடேறி, ஒரு எல்லையைத் தாண்டியதும் மயங்குகிறது.

நான் ஒரு கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் லேப் டெக்னீஷியன். லேபிலிருந்து, சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் வைத்த மல்டிமீட்டரை ஒருநாள் இரவல் வாங்கி வந்து, பதிவு ஓடும்போது பெட்டிக்குள் ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்த்தேன். டியூனர் கார்டின் ஓரத்தில், காயிலுக்குப் பக்கத்தில், சுண்டுவிரல் நகம் அளவு ஒரு சிப். 81 டிகிரி. விரலை வைத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் வைத்தேன். கொப்புளம் வந்தது.

அது என்ன சிப் என்றால், மாடியில் இருக்கும் எல்என்பிக்குக் கேபிள் வழியாகவே மின்சாரம் அனுப்புவது. டிஷ்ஷின் மூக்கில் இருக்கும் அந்தப் பொருளுக்குத் தனியாக பிளக் கிடையாதே. சிக்னல் அலை அதிரும் திசையைப் பொறுத்து 13 வோல்ட் அல்லது 18 வோல்ட் என்று கீழே இருந்துதான் போகிறது. அந்த வேலையைச் செய்கிற சிப்புக்கு மேலே நேராக ஹார்ட் டிஸ்க். அது தன் பங்குக்கு 57 டிகிரி. காற்று போக வழியில்லை. பின்னால் இருந்த குட்டி ஃபேன் என்னதான் கத்தினாலும், பக்கத்துத் துளையிலிருந்தே காற்றை உறிஞ்சி வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. கார்டு இருக்கும் மூலைக்கு அதன் மூச்சுக்கூடப் படவில்லை. இத்தனை நாள் சத்தம் வந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், சத்தம் போடாமல் வெந்தது வேறொன்று.

சரி, வேலையைத் தொடங்கினேன். முதலில் ஹார்ட் டிஸ்க்கை வெளியேற்றினேன். அதற்குப் பதில் 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றைப் பெட்டியின் அடித்தகட்டில் ஒட்டினேன். பகலில் பதிவெல்லாம் எஸ்எஸ்டியில் விழும். விடியற்காலை மூன்று மணிக்கு, வீடு கொஞ்சம் ஆறியிருக்கும்போது, யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்குக்குத் தானாக நகர்ந்துவிடும்.

அடுத்தது மூடி. கார்டுக்கு நேர்மேலே 92 மில்லிமீட்டர் ஃபேன் வைக்க ஓட்டை போட வேண்டும். தெருக்கோடியில் கிரில் பட்டறை வைத்திருக்கும் தம்பியிடம் மூடியை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். முழுப் பெட்டியையும் கொண்டுபோயிருந்தால் இரும்புத்தூள் மதர்போர்டில் விழுந்து கதை அன்றே முடிந்திருக்கும். தம்பி மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணா, இதுல சாம்பார் வடிகட்டப் போறியா?" என்றார். காம்பஸில் வட்டம் போட்டுக் கொடுத்தேன். கிரைண்டரில் நாலே நிமிஷம். ஓரத்தில் பெயின்ட் கருகிப்போனது, வட்டமும் முழு வட்டம் இல்லை, கொஞ்சம் முட்டை. காசு வாங்கமாட்டேன் என்றார். டீ வாங்கிக் கொடுத்தேன். ஓட்டையின் விளிம்பு கத்தி மாதிரி இருந்ததால் கார் கதவு பீடிங்கில் ஒரு துண்டு வெட்டிச் சுற்றினேன். ஃபேனை நேரடியாகத் தகரத்தில் முடுக்கினால் மூடியே அதிரும். பழைய சைக்கிள் டியூபை நான்கு வில்லைகளாக நறுக்கி நடுவில் கொடுத்தேன்.

ஃபேனை எந்தப் பக்கம் பார்த்து மாட்டுவது? சூடான காற்று மேலே போகும், அதனால் வெளியே தள்ளும்படி மாட்டு என்பார்கள். அப்படியே மாட்டினேன். பிராசஸர் 78க்கு ஏறியது! குள்ளக் கூலரின் ஃபேன் மேலிருந்து காற்றை இழுத்துக் கீழே ஊதுகிறது. மேலே நான் வைத்தது அதே காற்றை அதன் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தது. பூஜை அறையிலிருந்து ஊதுபத்தி ஒன்றை எடுத்துவந்து கொளுத்தி, பெட்டியைச் சுற்றிக் காட்டினேன். புகை பக்கத் துளையில் நுழையத் தயங்கி, சுழன்று, மறுபடி வெளியே வந்தது. அப்பா தலையைத் தூக்கிப் பார்த்தார். "என்னடா, பெட்டிக்கு தீபாராதனையா?"

ஃபேனைத் திருப்பி, உள்ளே ஊதும்படி மாட்டினேன். ஊதுபத்தியை மேலே காட்டினால் புகை கயிறு மாதிரி நேராக உள்ளே இறங்கியது. சற்று நேரத்தில் பின்பக்கம் குட்டி ஃபேன் இருந்த ஓட்டை வழியாக மெல்லக் கசிந்து வந்தது. குட்டி ஃபேனைக் கழற்றி எறிந்தாகிவிட்டது. வாசல் மட்டும் மிச்சம், காற்று போக. பழைய ஆம்ப்ளிஃபையர் ஒன்றின் ஹீட் சிங்க்கில் ஒரு துண்டை அறுத்து, தெர்மல் பேடு வைத்து, அந்தச் சுண்டுவிரல் சிப்பின்மேல் ஒட்டினேன். பக்கத்துக் காயிலில் உலோகம் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அரை மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்த வேலை அது ஒன்றுதான்.

கடைசியாக டிவி ஸ்டாண்ட். கண்ணாடிக் கதவைச் சாத்தி வைத்தால் வெளியே வந்த சூட்டையே பெட்டி திரும்பக் குடிக்கும். பின்பலகையைக் கழற்றினேன். பெட்டியின் அடியில் நான்கு மூலைக்கும் ஒவ்வொரு கேரம் காய். மூன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. சிவப்பைத் தரமாட்டேன் என்று பையன் அழுதான்.

அறை 36 டிகிரி இருந்த ஒரு மதியம் மறுபடி அளந்தேன். பிராசஸர் 63, அந்தச் சிப் 58, எஸ்எஸ்டி 47. அறையே 36 என்றால் எந்த ஃபேனாலும் 36க்குக் கீழே கொண்டுபோக முடியாது. ஏசி போடலாமே என்று கேட்காதீர்கள், பெட்டிக்கு ஏசி போட்டால் அப்பாவுக்குச் சளி பிடிக்கும். மூன்று மணி நேரப் பதிவில் ஒரு பிழைகூட இல்லை.

இவ்வளவும் முடிந்து ஒரு வாரம் கழித்து, டிவிஹெட்எண்டில் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தபோது ஒரு டிக் கட்டம் கண்ணில் பட்டது. வேலை இல்லாதபோது எல்என்பிக்கு மின்சாரத்தை நிறுத்து என்று அர்த்தம் வரும் கட்டம். என் பெட்டியில் அதில் டிக் இல்லை. ஆறு மாதமாக இரவும் பகலும், யாரும் எதையும் பார்க்காதபோதும், அந்தச் சிப் மாடிக்கு மின்சாரம் ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. டிக் போட்டேன். சும்மா இருக்கும்போது சிப்பின் சூடு 44. ஓட்டை போட்டதை வீண் என்று சொல்லமாட்டேன், பதிவு ஓடும்போது அதுதான் காப்பாற்றுகிறது. ஆனால் கிரில் பட்டறைத் தம்பியிடம் இந்த டிக் விஷயத்தை இன்னும் சொல்லவில்லை.

மேலிருந்து காற்றை உள்ளே இழுப்பதில் ஒரு தலைவலி உண்டு: தூசி. ஹார்டுவேர் கடையில் ஜன்னலுக்கு அடிக்கும் நைலான் கொசுவலையில் ஒரு சாண் வாங்கி, ஃபேனுக்கு மேல் வெல்க்ரோவில் ஒட்டியிருக்கிறேன். பதினைந்து நாளில் அது பழுப்புக் கம்பளி ஆகிவிடுகிறது. இரண்டு தடவை கழுவ மறந்தேன், சூடு ஆறு டிகிரி ஏறியது. இப்போது அந்தப் பொறுப்பை அப்பா எடுத்துக்கொண்டார். சமையலறைக் காலண்டரில் ஒன்று விட்டு ஒரு சனிக்கிழமை ‘வலை’ என்று எழுதி வைத்திருக்கிறார், நீல மையில்.