மேலேயிருந்து தொங்கிய மழை

பெரியப்பா ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் சின்னதாக ஒரு காபித் தோட்டம் வைத்திருக்கிறார். தினமும் காலை எட்டரைக்கு மழைமானியைப் பார்த்து நோட்டில் எழுதிவிடுவார். பன்னிரண்டு வருஷ நோட்டுகள் சேர்ந்துவிட்டன. பூ மழை எந்த வருஷம் எப்போது வந்தது என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டும் என்றார். மார்ச், ஏப்ரலில் விழும் அந்த மழைதான் அரபிகா வகைக் காபிக்கு உயிர். விழுந்து எட்டுப் பத்து நாளில் தோட்டமே வெள்ளையாகிவிடும்.

நான் இன்டராக்‌ஷன் டிசைனர். செயலியின் திரைகள் எப்படி இயங்க வேண்டும் என்று வரைந்து டெவலப்பரிடம் கொடுப்பதுதான் என் வேலை. இதை மட்டும் நானே கோடிங் எழுதி முடிக்க ஆசைப்பட்டு, எண்களைப் படமாக வரைய உதவும், 2011-ல் வந்த டி3 என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியை எடுத்தேன். நோட்டுகளை டைப் அடிக்கவே மூன்று வாரம் ஆனது. பழையவற்றில் அங்குலக் கணக்கு, 25.4-ஆல் பெருக்கி மில்லிமீட்டராக்கினேன்.

முதல் படத்தில், ஒவ்வொரு நாள் மழையையும் காட்டும் பட்டைகள் திரையைத் தாண்டி ஓடின. நான் டைப் அடித்து வைத்த சிஎஸ்வி கோப்பிலிருந்து (கமா போட்டுப் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) வரும் எண்கள் எல்லாம் எழுத்தாகவே வருகின்றன. எழுத்து வரிசையில் முதல் எழுத்தைத்தான் முதலில் ஒப்பிடும், அதனால் 112-ஐ விட 9 பெரியது! முன்னால் ஒரு கூட்டல் குறி போட்டால் எண்ணாகிவிடும் என்று படித்தேன், போட்டேன், சரியானது.

சேலத்திலிருந்து பஸ் ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவும் கடந்து, லேப்டாப்போடு போய்க் காட்டினேன். ஒரு ஏப்ரலில் விரலை வைத்தார். “கண்ணு, இந்த வாரம் நான் ஆஸ்பத்திரியில இருந்தேன். மழை இல்லேன்னு யாரு சொன்னது?”

அந்தக் கூட்டல் குறி, காலி இடத்தையும் பூஜ்யமாக்கியிருந்தது. பதிவில்லாத நாட்களெல்லாம் மழையில்லாத நாட்களாகிவிட்டன. எனக்கு மிகவும் சங்கடமாகிவிட்டது. அன்றிரவே அங்கேயே உட்கார்ந்து காலி நாட்களைத் தனியாகப் பிரித்துச் சாம்பல் நிறம் கொடுத்தேன்.

பட்டைகள் தலைகீழாகத் தொங்கியதும் என்னை உறுத்திக்கொண்டிருந்தது. டி3 படம் வரையும் எஸ்விஜி என்ற வடிவத்தில் உயரக் கணக்கு மேல் விளிம்பில்தான் தொடங்கும். திருப்பிப் போடுகிறேன் என்றேன். “எதுக்கு? மழை மேலயிருந்துதானே வருது,” என்றார். அப்படியே விட்டேன். நீரியல் வரைபடங்களிலும் மழையை இப்படித் தொங்கவிட்டு வரையும் வழக்கம் உண்டு என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன்.

அவர் பார்க்கப்போவது ஃபோனில். 360 பிக்சல் அகலத்தில் 365 நாளை எங்கே வைப்பது? பிப்ரவரி முதல் மே வரை மட்டும் எடுத்து, வருஷத்துக்கு ஒரு வரிசையாக்கினேன். அப்போதும் ஒரு பட்டை மூன்று பிக்சல்தான். காபி பறித்துக் காய்த்துப்போன விரலுக்கு அது எட்டாது. அதனால் வரிசையில் எங்கே தொட்டாலும் அதற்கு மிகப் பக்கத்தில் இருக்கும் நாளைக் காட்டும்படி செய்தேன். இந்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். மலையில் சிக்னல் குறைவு என்பதால் லைப்ரரியிலும் தேவையான பகுதிகளை மட்டும் வைத்துக்கொண்டேன்.

இப்போது தினமும் காலையில் அவரிடமிருந்து ஃபோன் வருகிறது. மழையே இல்லாத நாளிலும் கூப்பிடுகிறார். “இன்னைக்கு ஜீரோ கண்ணு. காலியா விட்டுடாதே.”