மூட்டு வலிக்காரிக்கு நெஞ்சைப் பற்றி என்ன கவலை

4 மார்ச் 2025, செவ்வாய்
காலையில் விரல்கள் மடங்கவே முக்கால் மணி நேரம் ஆனது. முடக்குவாதம் வந்து 11 வருடமாகிறது. பலதுறை மருந்தகத்தில் கொடுத்த ரத்தத்துக்கு முடிவு வந்துவிட்டது, கெட்ட கொலஸ்ட்ரால் நன்றாகக் குறைந்திருக்கிறது. நிம்மதியாக இருந்தது.

6 மார்ச், வியாழன்
அந்த நிம்மதி இரண்டு நாள்தான். மூட்டு மருத்துவர் தாளைப் பார்த்துவிட்டு, “ரத்தம் கொடுத்த அன்று வீக்கம் எப்படிம்மா இருந்தது?” என்று கேட்டார். மோசமாக இருந்தது, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவும் ஏறியிருந்தது. அப்படியென்றால் இந்த எண்ணை மட்டுமே நம்பி இருந்துவிடாதீர்கள் என்றார், ஏனென்றால் அழற்சி அதிகமாக இருக்கும்போது கொலஸ்ட்ரால் தானாக இறங்கிவிடும், ஆபத்து இறங்காது.

மூட்டை வீங்க வைக்கிற அதே டிஎன்எஃப், ஐஎல்-6 என்ற அழற்சிப் புரதங்கள் எல்லாம் ரத்தத்தோடு உடம்பு முழுக்கச் சுற்றுகின்றன, ரத்தக்குழாயின் உள்சுவரைப் புண்படுத்துகின்றன, அந்தச் சுவருக்குள் கொழுப்பு புகுந்து படிகிறது, அந்தப் படிவும் சுலபமாக வெடிக்கிறது. மாரடைப்பு அங்கேதான் தொடங்குகிறது. வழக்கமான கணக்கில் வரும் இதய ஆபத்தை எங்களைப் போன்றவர்களுக்கு 1.5ஆல் பெருக்க வேண்டுமாம், ஐரோப்பிய மூட்டு மருத்துவர் சங்கமான யூலார் சொல்லும் வழி அது. எனக்கு 6 சதவீதம் வந்தது, 9 என்று எழுதினார். இந்த 11 வருடத்தில் யாராவது ஒருவர் இதை முன்பே சொல்லியிருக்கலாம்.

9 மார்ச், ஞாயிறு
அக்காவிடம் போனில் சொன்னேன். “உனக்கு மூட்டுதானேடி, நெஞ்சுக்கு என்ன வந்தது?” என்றாள். அவளுக்கும் கை வீங்குகிறது, ஊரிலிருந்து வரும்போது டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையை அட்டை அட்டையாக வாங்கி வருவாள், நானும் அதைத்தான் தினமும் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த மாத்திரையே மாரடைப்பு ஆபத்தைக் கூட்டும், அது வலியை மறைக்குமே தவிர நோயை அடக்காது. நோயை அடக்குவது வாரம் ஒருமுறை போடும் மெத்தோட்ரெக்சேட், அதை நான் குமட்டலுக்குப் பயந்து பல வாரம் விட்டிருக்கிறேன். மருத்துவரிடம் அதையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன், திட்டவில்லை, குமட்டல் குறைய அதோடு சேர்த்துத் தரும் ஃபோலிக் அமிலத்தின் அளவை மாற்றித் தந்தார். மூட்டை அடக்கி வைத்தால் ரத்தக்குழாய்க்கும் நல்லது என்றார்.

அப்பா 58 வயதில் மாரடைப்பில் போனவர். அதை நினைவுபடுத்தியதும் அக்கா பேசவில்லை. அப்புறம் மெதுவாக, “எனக்கும் ஒரு அப்பாயின்மென்ட் போடு” என்றாள்.

15 மார்ச், சனி
இரண்டாவது வார மெத்தோட்ரெக்சேட் போட்டாகிவிட்டது, குமட்டல் கொஞ்சம்தான். சாயங்காலம் புளோக்கைச் சுற்றி 20 நிமிடம் நடந்தேன். வீக்கம் அடங்கியதும் கொலஸ்ட்ராலை மறுபடி பார்க்க வேண்டும், அப்போது எண் ஏறினால் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை பற்றிப் பேசலாம் என்றிருக்கிறார். அக்காவுக்கு 24ஆம் தேதி கிடைத்திருக்கிறது, நானும் கூடப் போகிறேன்.