விண்டிஷெஷன்பாக்கில் 9,101 மீட்டர்

ஜெர்மனியில், பவேரியாவின் வைடன் நகரிலிருந்து வடக்கே போகும் ரயிலில் வரும் சிறிய ஊர் விண்டிஷெஷன்பாக். ஊரைத் தாண்டினால் மரங்களுக்கு மேலே 83 மீட்டர் உயர ரிக் கோபுரம், அதாவது துளையிடும் கோபுரம், தலைகாட்டும். துளையிட்டு முடித்த பிறகும் அதைப் பிரிக்கவில்லை. பக்கத்திலேயே கண்காட்சியும் உண்டு. பூமியின் மேலோட்டை ஆராய ஜெர்மனி இங்கே நடத்திய ஆழ்துளைத் திட்டத்தின் சுருக்கப்பெயர் கே.டி.பி.; அப்படிக் கேட்டால் ஊரில் எல்லோரும் வழி சொல்வார்கள்.

இங்கே தோண்டியது எண்ணெய்க்காக அல்ல. சுமார் 35 கோடி ஆண்டுகளுக்கு முன் கண்டத்துண்டுகள் மோதி எழுந்த வாரிஸ்கன் மலைத்தொடர், இன்று தேய்ந்து காட்டுமேடாகக் கிடக்கிறது. ஒரு காலத்தில் மலைக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் புதைந்திருந்த பாறை இப்போது தரைமட்டத்தில். அதனால் முதல் மீட்டரிலேயே பழைய மலையின் வேருக்குள் இறங்கிவிடலாம்.

முதலில் 1987 செப்டம்பரில் முன்னோடித் துளை. 1989 ஏப்ரலில் 4,000 மீட்டரில் நின்றது. வைரம் பதித்த பிட்டால், அதாவது பாறையை அறுக்கும் முனையால், பாறையை உருளை உருளையாக வெட்டி எடுத்தார்கள். அந்த உருளைதான் கோர். மேலடுக்கின் கோரை இதிலேயே எடுத்துவிட்டால், பெரிய துளையில் அந்த ஆழம் வரை கோர் எடுக்காமல் வேகமாக இறங்கலாம் என்பது கணக்கு. கோர் மேலே வரும்போது எது கிழக்கு, எது மேற்கு என்று தெரியாது, குழாய்க்குள் சுழன்றிருக்கும். அதில் தெரியும் வெடிப்புகளைத் துளைச் சுவரின் படத்தோடு பொருத்தித்தான் திசை குறிக்க வேண்டும். இதில் தவறினால் பாறையின் சாய்வு பற்றிச் சொல்வதெல்லாம் தவறு.

200 மீட்டர் தள்ளி 1990 அக்டோபரில் முதன்மைத் துளை தொடங்கியது. பாறையின் அடுக்குகள் செங்குத்துக்கு நெருக்கமாக நிற்பதால் பிட் பக்கவாட்டில் ஓடப் பார்க்கும். துளை கோணலானால் குழாய் சுவரில் உரசும், முறுக்குவிசை வீணாகும், சுவர் சரியாமல் காக்கும் கேசிங் பைப் இறங்காது. அதற்காகவே சாய்வைத் தானே உணர்ந்து பக்கத் தகடுகளால் சுவரைத் தள்ளி நிமிர்த்திக்கொள்ளும் கருவியை உருவாக்கினார்கள். 7,500 மீட்டர் வரை விலகல் 12 மீட்டருக்குள் இருந்தது. அதன்பின் வெப்பத்தைக் கருவி தாங்கவில்லை, துளையும் சாய்ந்துகொண்டே போனது.

கோபுரம் ஏன் அவ்வளவு உயரம்? குழாயை 40 மீட்டர் துண்டுகளாகக் கழற்றி நிறுத்தத்தான். அடியில் பிட் தேய்ந்தால் சுமார் 228 துண்டுகளை வெளியே எடுத்து, மீண்டும் அத்தனையையும் மாட்டி இறக்க வேண்டும். தேய்மானத்தைத் தள்ளிப்போடுவதே ஆழ்துளையின் பாதி வித்தை என்பேன்.

கோர் எடுக்காத இடங்களில், குழாய் வழியே கீழே செலுத்தி மேலே திரும்பும் துளைச் சேற்றோடு ஏறிவரும் பாறைப் பொடிதான் சாட்சி. பொடி மேலே வர நேரமாகும், அதற்குள் பிட் இன்னும் கீழே போயிருக்கும். ஆகவே கையில் இருக்கும் பொடிக்கு இப்போதைய ஆழத்தை எழுதக்கூடாது. சேறு ஏறும் நேரத்தைக் கழித்து எழுத வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருவோம். நில அதிர்வுப் படங்களை வைத்து, இங்கே மெல்லிய பாறைத் தகடு ஒன்று வேறு பாறையின் மேல் படுத்திருக்கும், சில கிலோமீட்டரில் அதன் அடியைத் தொட்டுவிடலாம் என்று எதிர்பார்த்தார்கள். 9 கிலோமீட்டர் இறங்கியும் அந்த அடி தென்படவில்லை. அழுத்தத்திலும் வெப்பத்திலும் உருமாறிய நீஸ், ஆம்ஃபிபொலைட் என்ற பாறைகள் மாறி மாறி, மடிந்து, நட்டுவைத்தாற்போல நின்றன. 7 கிலோமீட்டர் அருகே படத்தில் பளிச்சென்று தெரிந்த கோடு இருவேறு பாறைகள் சேரும் எல்லையல்ல, நொறுங்கிய பிளவு மண்டலம். பிளவுகளில் உப்புநீர் தேங்கியிருந்தது. மேற்பரப்பில் அளந்தபோது மின்சாரம் எளிதாகப் பாய்ந்த புதிருக்கு, பிளவு முகங்களில் பென்சில் தூளாய்ப் பூசியிருந்த கிராஃபைட்டும் ஒரு விடை.

திட்டமிட்ட 10 கிலோமீட்டரை எட்டவில்லை. 1994 அக்டோபர் 12 அன்று 9,101 மீட்டரோடு நிறுத்தினார்கள். அங்கே வெப்பம் சுமார் 265 டிகிரி. சுவர் நெருக்கித் துளையை அடைக்கத் தொடங்கியிருந்தது. நிறுத்தியபின் கேசிங் இல்லாத கடைசி 70 மீட்டருக்குள் 200 கன மீட்டர் உப்புநீரை அழுத்தினார்கள். சுமார் 400 நுண்ணதிர்வுகள் பதிவாயின, பெரியதன் அளவு 1.2. அவ்வளவு ஆழத்திலும் பாறை உடையும் விளிம்பிலேயே இருக்கிறது.

போகிறவர்கள் திறப்பு நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளவும். திரும்பும்போது ஊரில் ஸோய்கல் என்ற உள்ளூர் பீர் கிடைக்கும். எல்லாக் கடையும் எல்லா நாளும் திறக்காது, முறை வைத்துத்தான். வாசலில் ஆறுமுனை நட்சத்திரம் தொங்கினால் உள்ளே போகலாம்.