குழாயைப் பிடித்துப் போனால் சட்டம் பிடிபடும்

பொதுக்கூட்டத்தில் மக்களுக்கு விளக்குவதற்காக மாணவர் குழு ஒரு சுற்றுச்சூழல் சட்டத்தைக் கையில் எடுத்ததும் முதலில் நடப்பது அத்தியாயப் பங்கீடு. 1974-ஆம் ஆண்டு நீர் (மாசு தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டத்தில் எட்டு அத்தியாயங்கள். எட்டுப் பேர் இருந்தால் கணக்கு நேராகிவிடும், வேலைதான் கெடும். மாசு கட்டுப்பாட்டு வாரியங்களின் அமைப்பு, நிதி என்று பங்கு வாங்கியவர்களுக்குச் சொல்ல அதிகம் இருக்காது. மாசுத் தடுப்பு பற்றிய ஐந்தாம் அத்தியாயம் கிடைத்தவருக்கோ மூச்சு முட்டும். நீர்நிலையில் மாசை விடக்கூடாது என்ற 24-ஆம் பிரிவின் தடையைப் படித்தவர் ஒருவர், அதை மீறினால் என்ன தண்டனை என்ற 43-ஐப் படித்தவர் வேறொருவர் என்று ஆகிவிடும்.

ஆலையிலிருந்து ஓடையில் போய் விழும் ஒரு குழாயைக் கற்பனை செய்துகொண்டு, அதன் பின்னாலேயே கேள்விகளாகப் போவது எங்களுக்குச் சரியாகப் படுகிறது. அந்த ஓடை சட்டத்துக்குள் வருமா? அதில் எதை விடக்கூடாது? கழிவுநீரை விடுவதற்கான அனுமதியை, அதாவது இசைவாணையை, யாரிடம் வாங்க வேண்டும்? மீறலை எப்படி நிரூபிப்பது? வழக்கு யார் போடலாம்? ஒரு கேள்விக்கு இருவர் போதும். பிரிவு எந்த அத்தியாயத்தில் கிடந்தாலும் அவர்களே தேடி எடுக்கட்டும்.

அதற்கும் முன்னால் தீர்க்க வேண்டியது, எந்த வாசகத்தைப் படிக்கிறோம் என்பது. தண்ணீர் மாநிலப் பட்டியலில் உள்ள பொருள், அதாவது மாநிலங்கள் சட்டம் இயற்ற வேண்டியது. அதனால் அரசியலமைப்பின் 252-ஆம் உறுப்பின்படி, சில மாநிலச் சட்டமன்றங்கள் தீர்மானம் போட்டுக் கேட்டுக்கொண்ட பிறகே நாடாளுமன்றம் இந்தச் சட்டத்தை இயற்றியது. மற்ற மாநிலங்கள் பின்னால் ஒவ்வொன்றாக ஏற்றன. தமிழ்நாட்டு மாசு கட்டுப்பாட்டு வாரியம் அமைந்ததே 1982-இல்தான். திருத்தங்களுக்கும் இதே கதி. 2024 திருத்தச் சட்டம் முதலில் இமாசலப் பிரதேசம், ராஜஸ்தான், யூனியன் பிரதேசங்களுக்குத்தான் வந்தது. பிற மாநிலங்கள் தீர்மானம் போட்டு ஏற்க வேண்டும். பழைய வாசகப்படி 24-ஐ மீறினால் ஒன்றரை ஆண்டு முதல் ஆறு ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. திருத்தம் அந்தச் சிறையை எடுத்துவிட்டு, 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரை பணத் தண்டம் வைத்தது. இணையத்தில் முதலில் கிடைத்த பிரதியை அச்செடுத்துக்கொண்டு மேடையேறினால், உங்கள் மாநிலத்தில் இல்லாத சட்டத்தை விளக்கிவிட்டு வருவீர்கள். பிரதியின் அடிக்குறிப்புகளைப் படியுங்கள், எந்த வரி எந்த ஆண்டு நுழைந்தது என்பது அங்கேதான் இருக்கும். ஆலையை மூடவும் மின்சாரத்தைத் துண்டிக்கவும் உத்தரவிடும் 33-ஏ பிரிவுகூட 1988-இல் சேர்ந்ததுதான். பிறகு மாநில அரசிதழில் ஏற்புத் தீர்மானம் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இனி ஓடை. ஓடை என்றால் எது என்று சொல்லும் 2(ஜே) வரையறையில் ஆறு மட்டுமல்ல, நிலத்தடி நீரும் அடக்கம். நீர் ஓடினாலும் தற்போதைக்கு வறண்டு கிடந்தாலும் நீர்வழி நீர்வழிதான். 'இது காய்ந்த ஓடைதானே' என்று கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். இந்த ஒரு வரியை அப்படியே வாசித்துக் காட்டுங்கள்.

அளவுகளைத் தேடும்போதுதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 64 பிரிவுகளையும் புரட்டினாலும் இத்தனை மில்லிகிராம் வரை விடலாம் என்ற எண் கிடைக்காது. 24-ஆம் பிரிவு வாரியம் வகுக்கும் தரத்தைக் கைகாட்டிவிட்டு நின்றுகொள்ளும். பொதுவான தரங்கள் வேறொரு சட்டத்தின் கீழ் வந்த 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் ஆறாம் அட்டவணையில் இருக்கின்றன. உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது நீரிலுள்ள கரிமக் கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன், 27 டிகிரி செல்சியஸில் மூன்று நாள் வைத்துச் சோதிப்பது: ஆறு, குளம் போன்ற உள்நாட்டு நீர்நிலையில் விடுவதானால் லிட்டருக்கு 30 மில்லிகிராம், பாசன நிலத்தில் 100, பொதுச் சாக்கடையில் 350. எங்கே விடுகிறார்கள் என்பதைச் சொல்லாமல் '30-ஐத் தாண்டிவிட்டது' என்று சுவரொட்டி ஒட்டினால், எதிர்த்தரப்பு ஒரே வாக்கியத்தில் கிழித்துவிடும். இவை பொது அளவுகள் மட்டுமே. தொழிலுக்கென்று தனித் தரம் இருக்கலாம், அந்த ஆலையின் இசைவாணை இன்னும் கடுமையாகவும் இருக்கலாம். அதனால் இசைவாணையைப் பார்க்காமல் பேசக்கூடாது. அதன் நிபந்தனைகளை வாரியம் ஒரு பதிவேட்டில் வைத்திருக்க வேண்டும், அக்கறை உள்ளவரோ பாதிக்கப்பட்டவரோ அதைப் பார்வையிடலாம் என்று 25(6) சொல்கிறது. மாணவர்கள் அதிகம் பயன்படுத்தாத பிரிவு இது.

மாதிரி எடுப்பது இன்னொரு பொறி. குழு பாட்டிலில் பிடித்து வந்த நீரைத் தனியார் ஆய்வகத்தில் கொடுத்து வாங்கும் அறிக்கை விழிப்புணர்வுக்கு உதவும்; சட்டம் சொல்லும் மாதிரியாக அது ஆகாது. 21-ஆம் பிரிவின் நடைமுறை நுணுக்கமானது. வாரியத்தின் அதிகாரி ஆலைப் பொறுப்பாளரிடம் அந்த இடத்திலேயே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அவர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்து, கலன்களில் அடைத்து, குறியிட்டு, முத்திரை வைத்து, இருவரும் கையெழுத்திட வேண்டும். ஒன்று ஆய்வகத்துக்கு; பொறுப்பாளர் கேட்டால் மற்றொன்று வேறு ஆய்வகத்துக்கு. இதில் ஒரு படி தவறினாலும் சோதனை முடிவை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. விளக்கக் கூட்டத்தில் இந்தப் பகுதியை இரண்டு பாட்டில், ஒரு மெழுகுவத்தி, கொஞ்சம் அரக்கு வைத்துச் செய்தே காட்டிவிடலாம். அரை மணிப் பேச்சைவிடப் பயன்.

வழக்கை வாரியம் மட்டும்தான் போட முடியும் என்பது பரவலான தப்பெண்ணம். 49-ஆம் பிரிவு தனிநபருக்கும் வழி விட்டிருக்கிறது, ஆனால் குற்றத்தையும் புகார் செய்யப்போகும் எண்ணத்தையும் குறிப்பிட்டு வாரியத்துக்கு 60 நாளுக்குக் குறையாத நோட்டீஸ் தர வேண்டும். அப்படிப் புகார் செய்பவர் கேட்டால் தன்னிடமுள்ள அறிக்கைகளை வாரியம் தர வேண்டும்; பொதுநலனுக்கு எதிரானது என்று கருதினால் மட்டும் மறுக்கலாம். நோட்டீஸை ஒப்புகைச் சீட்டு கிடைக்கும்படி விரைவுத் தபாலில் அனுப்பி, அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.