நீச்சல் தொட்டியில் விளக்கு: ஆடி, ஆவணி 2024

ஜூலை 27

தொட்டி 8 மீட்டருக்கு 4. ஒரு முனையில் ஆழம் 1.1, மறுமுனையில் 1.6. கணக்குப்படி 43 ஆயிரம் லிட்டர். கட்டிய அன்று விளக்குக்கென்று ஒரு 25 மி.மீ. பைப் விட்டிருந்தால் இப்போது கான்கிரீட்டைத் துளைக்க வேண்டாம். சில நூறு ரூபாய்ப் பைப்.

வேக்குவம் பாயிண்ட் (தரையைச் சுத்தம் செய்யும் குழாயை மாட்டும் சுவர்த் துளை) ஒன்று சும்மா கிடக்கிறது. அதில் திருகி மாட்டும் ஒன்றரை இஞ்ச் விளக்கு கடையில் உண்டு, சுவரைத் தொடவே வேண்டாம். ஆனால் அது இருப்பது வராந்தாவுக்கு எதிர்ச் சுவர். அங்கே மாட்டினால் சாய்வு நாற்காலியில் இருப்பவர் கண்ணில் எதிரே வரும் லாரியின் ஹெட்லைட் மாதிரி அடிக்கும். விளக்கு எப்போதும் வீட்டுப் பக்கச் சுவரில், வீட்டுக்கு முதுகு காட்டி. இதில் பேச்சே கிடையாது.

ஜூலை 28

ஆகஸ்ட் 29-ம் தேதி விசேஷத்துக்கு இன்னும் 32 நாள்.

ஜூலை 30

ஒயர் கணக்கு. மூன்று விளக்கு, ஒவ்வொன்றும் 12 வோல்ட், 18 வாட். ஒன்றுக்கு ஒன்றரை ஆம்பியர், மூன்றுக்கு நாலரை. மோட்டார் ரூமிலிருந்து தொட்டி 18 மீட்டர். மின்சாரம் போய்த் திரும்ப வேண்டும், ஆக 36 மீட்டர் தாமிரம்.

வீட்டில் மிச்சம் கிடந்த 1 ஸ்கொயர் (தாமிரத்தின் குறுக்களவு 1 சதுர மி.மீ.) ஒயரே போதும் என்கிறான் எலக்ட்ரீஷியன் பையன். அதன் தடை கிலோமீட்டருக்கு 19.5 ஓம். மூன்றையும் ஒரே ஒயரில் கோத்தால் 3.2 வோல்ட் வழியிலேயே போய்விடும். விளக்குக்கு வந்து சேர்வது 8.8. மினுக்கும், இல்லையென்றால் எரியவே எரியாது. 2.5 ஸ்கொயரில்கூட ஒரே ஒயராகப் போனால் 1.3 வோல்ட் நட்டம். அதே 2.5-ஐ விளக்குக்கு ஒன்றாகத் தனித்தனியே இழுத்தால் நட்டம் அரை வோல்ட்டுக்கும் கீழே. 230 வோல்ட்டில் ஒரு வோல்ட் போனால் யாருக்கும் தெரியாது. 12-ல் ஒரு வோல்ட் போனால் கண்ணுக்குத் தெரியும்.

தனித்தனி ஒயர். ஜாயிண்ட் பெட்டியும் தனித்தனி. ஒன்று கெட்டால் அதை மட்டும் கழற்றலாம்.

ஆகஸ்ட் 1

டிரான்ஸ்ஃபார்மர் வந்தது. 100 விஏ, வளையச் சுற்று, தூக்கினால் கை இறங்குகிறது. இந்த கனம்தான் வேண்டும். ஹாலோஜனுக்குப் போடும் எடை இல்லாத எலக்ட்ரானிக் டப்பா நீளமான ஒயரோடும் எல்இடியோடும் ஒத்துப்போகாது.

பையன் மாட்டியதைச் சாயங்காலம் திறந்து பார்த்தால், 12 வோல்ட் பக்கத்து ஒயர் ஒன்றை எர்த்தில் முறுக்கி வைத்திருக்கிறான். “எர்த் கொடுத்தா சேஃப்டிதான அண்ணாச்சி?”

இல்லை. இந்த ஒரு இடத்தில் இல்லை. அந்தச் சுற்று வீட்டுக் கரண்டோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் தனித்து நிற்பதுதான் பாதுகாப்பு. எர்த்தில் கட்டினால், வீட்டில் வேறெங்கோ கிரைண்டரோ கீசரோ பாடியில் அடித்து, எர்த் குழியும் காய்ந்து கிடந்தால், அந்த வோல்ட்டேஜ் எர்த் ஒயர் வழியே நேராகத் தொட்டிக்குள் வரும். ஆர்சிசிபி (கசிவு கண்டால் கரண்டை வெட்டும் ஸ்விட்ச்) காப்பாற்றும் என்று நினைப்பதும் தப்பு. அது மெயின் பக்கத்துக் கசிவைத்தான் பார்க்கும். டிரான்ஸ்ஃபார்மரின் மறுபக்கம் நடப்பது அதற்குத் தெரியவே தெரியாது.

ஏணி, மோட்டார் பாடி, வெளியே தெரியும் கம்பி எல்லாவற்றையும் 4 ஸ்கொயர் தாமிரத்தால் ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். அது வேறு வேலை. 12 வோல்ட்டை எர்த் செய்வது வேறு. இரண்டும் பச்சை ஒயர் என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது.

அவிழ்த்தாச்சு. நாளை மறுபடி பார்க்கணும்.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. கொத்தனார் குடும்பத்தோடு காரையாறு போய்விட்டார், சொரிமுத்தையனார் கோயிலில் குடில் போட்டுத் தங்கல். அமாவாசை கழிந்துதான் வருவார்.

12 வோல்ட் பக்கம் திறந்து பார்த்தேன். எர்த் இல்லை.

ஆகஸ்ட் 4

அமாவாசை. சுவரைத் துளைக்கும் முன் விளக்கைத் தொங்கவிட்டுப் பார்க்க இதைவிட நல்ல இருட்டு கிடையாது. நைலான் கயிறு, கீழே ஒரு செங்கல், பின்பக்கம் சுவரோடு ஒட்டி. வராந்தா நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்து சொல்லச் சொல்ல ஏற்றி இறக்கியது.

30 செ.மீ. ஆழத்தில் நீர்மட்டத்தில் வெள்ளையாக ஒரு வில், மற்றதெல்லாம் கறுப்பு. 80-ல் தரை வெளிச்சம், மேல்தண்ணீர் இருட்டு. 50-ல் சரியாக நின்றது. விளக்கின் நடு நீர்மட்டத்துக்குக் கீழே 45 முதல் 60 செ.மீ. என்று சும்மா சொல்லவில்லை.

நிறம்: 6000 கெல்வின் நீல டைல்ஸில் பளிச்சென்று இருக்கிறது, ஆனால் பூச்சி கூப்பிட்ட மாதிரி வருகிறது. ஐப்பசி மழைக்குப் பிறகு ஈசல் கிளம்பினால், மிதக்கும் குப்பையைப் பிடிக்கும் ஸ்கிம்மர் கூடை அரை மணி நேரத்தில் நிறையும். 3000-ல் பூச்சி குறைவு, ஆனால் நீலம் பாசி பிடித்த பச்சையாகத் தெரிகிறது. 4000 எடுத்தோம். டைல்ஸ் கறுப்பாகவோ கருநீலமாகவோ இருந்திருந்தால் மூன்று விளக்கு பத்தாது, கறுப்பு வெளிச்சத்தைக் குடித்துவிடும்.

இரண்டு விளக்கு போதுமா என்றும் பார்த்தாச்சு. போதாது. 1.1-லிருந்து 1.6-க்கு இறங்கும் சரிவு நடுவில் இருக்கிறது, அங்கேதான் இருட்டு விழுகிறது. காலுக்குத் தரை கிடைக்காத இடம் கண்ணுக்குத் தெரியாமல் போகக்கூடாது. மூன்று: முனையிலிருந்து 1.35, 4, 6.65 மீட்டர்.

ஆகஸ்ட் 6

மூன்று நாளாகக் குளோரின் போடவில்லை. வெயிலே தின்றுவிட்டது. நாளை தண்ணீரைத் தென்னைக்குத் திருப்பலாம்.

ஆகஸ்ட் 8

80 செ.மீ. மட்டும் இறக்கியது, ஏறக்குறைய 26 ஆயிரம் லிட்டர். “முழுசா காலி பண்ணிருவமே, கழுவின மாதிரியும் ஆச்சு” என்றார் வீட்டுக்கார அண்ணாச்சி. கூடாது. பின்னால் வயலில் நடவு, வரப்புக்கு வரப்பு தண்ணீர் நிற்கிறது. மண்ணுக்குள் ஊற்று மேலே இருக்கும்போது தொட்டியைக் காலி செய்தால், அடியிலிருந்து தண்ணீர் தள்ளும். தரை விரியும், சில நேரம் தொட்டியே ஓடம் மாதிரி எழும்பும். உள்ளே நிற்கும் தண்ணீரின் எடைதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது.

ஆகஸ்ட் 9

கோர் கட்டிங். 40 மி.மீ. பிட், சுவர் 20 செ.மீ. முதல் துளை இருபது நிமிடம். இரண்டாவதில் பாதி போனதும் சத்தம் மாறியது, சாம்பல் தண்ணீரோடு பளபளவென்று இரும்புத் தூள். கம்பி. நிறுத்தி 5 செ.மீ. தள்ளி மறுபடி போட்டது. கம்பியை அறுத்துக்கொண்டே போயிருந்தால் அறுந்த முனை துரு ஏறிப் பருத்து, இரண்டு மூன்று வருடத்தில் டைல்ஸைத் தள்ளும். பாதித் துளையை எபாக்சி மார்ட்டரால் அடைத்தாச்சு.

4 மீட்டரில் இருக்க வேண்டிய விளக்கு இப்போது 4.05. யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 10

சுவருக்குப் பின்னால் தோண்டிய குழியில் காலையில் முழங்கால் தண்ணீர். வயல் ஊற்று. முந்தாநாள் காலி செய்ய விடாதது நல்லதாகப் போயிற்று.

ஆகஸ்ட் 11

துளைக்குள் பிவிசி பைப், நடுவில் தண்ணீர் தடுக்கும் வளையத்தோடு. சுற்றிலும் சுருங்காத கிரவுட். சாதாரண சிமெண்ட் கலவை காயும்போது சுருங்கி முடி அளவு சந்து விடும், தண்ணீருக்கு அது போதும். பைப்பை வெளிப்பக்கமிருந்து நேராக மேலே கொண்டுவந்து, பெட்டியை நீர்மட்டத்துக்கு 40 செ.மீ. மேலே வைத்தது. பைப்புக்குள் எப்படியும் தொட்டி மட்டத்துக்குத் தண்ணீர் ஏறி நிற்கும். பெட்டியைத் தரைக்குள் புதைத்தால் நேராக ஜாயிண்டை நனைக்கும். அழகுக்காகப் புதைக்கச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன்.

ஆகஸ்ட் 13

ஆடிக்காற்று. தொட்டி நிறைய வேப்பிலை, புழுதி. இரட்டைக் கலவை வாட்டர்புரூஃப் பூச்சு போட்டது. 7 நாள் தண்ணீர் படக்கூடாது.

ஆகஸ்ட் 15

29-க்கு தென்னையிலிருந்து சன்ஷேடுக்குத் தொட்டிக்கு மேலாகவே சீரியல் செட் கட்ட வேண்டுமாம். “ஊர்ல கோயில் கொடைக்கு அப்படித்தான கட்டுதாவ” என்கிறார் மதினி. கொடைக்குக் கட்டுவது தெருவுக்கு மேலே, தண்ணீருக்கு மேலே இல்லை. 230 வோல்ட், டேப் சுற்றிய ஜாயிண்ட், ஆடி போனாலும் அடங்காத காற்று. அறுந்து விழுந்தால் விழும் இடம் தண்ணீர்.

சர்வதேச விதி: தொட்டிக்குள் 12 வோல்ட் ஏசிக்கு மேல் கூடாது. விளிம்பிலிருந்து 2 மீட்டர், உயரத்தில் 2.5 மீட்டர் வரை முதல் வளையம். அதைத் தாண்டி இன்னும் ஒன்றரை மீட்டர் அடுத்த வளையம். டிரான்ஸ்ஃபார்மர் இந்த மூன்றரை மீட்டருக்கும் வெளியே. சீரியல் செட் வேண்டுமென்றால் காம்பவுண்ட் சுவரோரம், அதுவும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வழியாக.

மதினி முகம் கொடுத்துப் பேசவில்லை. சரி.

ஆகஸ்ட் 19

பௌர்ணமி. பாதித் தொட்டியில் நிலா. விளக்கே வேண்டாம் போல.

ஆகஸ்ட் 20

விளக்கு மாட்டியது. தட்டையான வகை, உள்ளே முழுக்க ரெசின், முகம் 316 எல் ஸ்டீல். 304 மலிவு, குளோரினில் புள்ளிபுள்ளியாகத் துரு. ஒயர் விட்டம் 8.5 மி.மீ., கூட வந்த கிளாண்ட் (ஒயரைச் சுற்றி இறுக்கும் மூடி) பிஜி 9, அது 8 வரைதான் பிடிக்கும். பிஜி 11 வாங்க ஜங்ஷன் வரை ஒரு நடை. ஒவ்வொரு விளக்குக்குப் பின்னாலும் ஒன்றரை மீட்டர் ஒயர் சுருட்டி விட்டாச்சு. நாளைக்குக் கழற்ற வேண்டுமென்றால் தண்ணீரை இறக்காமல் விளக்கை மேலே கரைக்குத் தூக்கலாம். ஜாயிண்ட் எல்லாம் மேலே பெட்டியில், ஜெல் ஊற்றி. தண்ணீருக்குள் ஒரு ஜாயிண்டும் இல்லை.

காய்ந்த நிலையில் சில வினாடி மட்டும் எரியவிட்டது. தண்ணீர்தான் இதற்கு விசிறி, அது இல்லாமல் விட்டால் வெந்துவிடும்.

2-வது துளையின் பைப் விளிம்பு கூர்மையாக இருந்தது. அரம் போடச் சொன்னேன். ஒயரை இழுக்கும்போது நான் அங்கே இல்லை.

ஆகஸ்ட் 22

போர் தண்ணீர் மணிக்கு ஆயிரத்தைந்நூறு லிட்டர். 17 மணி நேரம்.

ஆகஸ்ட் 23

ஸ்விட்ச் போட்டதும் ஆர்சிசிபி விழுகிறது. மூன்று விளக்கையும் கழற்றினாலும் விழுகிறது. எல்லோரும் தண்ணீரைப் பார்க்கிறார்கள். தண்ணீரில் ஒன்றுமில்லை. பேஸ் மெயினிலிருந்து, நியூட்ரலை மட்டும் பக்கத்து இன்வெர்ட்டர் பெட்டியிலிருந்து எடுத்திருக்கிறான். போன கரண்ட் வேறு வழியாகத் திரும்பினால் ஆர்சிசிபிக்கு அது கசிவுதான். ஒயரை மாற்றியதும் நின்றது. கையோடு 12 வோல்ட் பக்கமும் பார்த்தேன். எர்த் இல்லை.

ஆகஸ்ட் 24

எரிந்தது. எரிந்ததும் தெரிந்தது, தண்ணீர் கலங்கல். பகலில் சுத்தமாகத் தெரிந்த அதே தண்ணீர், பாலில் விளக்கு வைத்த மாதிரி. பில்டருக்குள் தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு பேக்வாஷ், பார்வைக் கண்ணாடியில் தெளியும் வரை. இரவு முழுக்க மோட்டார். பிஎச் 7.9, இதை 7.4-க்குக் கொண்டுவரணும். இந்த போர் உப்புக்கு, விட்டால் விளக்கு முகத்தில் வெள்ளைப் படலம் கட்டும். கட்டினால் எலுமிச்சை உப்புக் கரைசலும் துணியும். கம்பிப் பிரஷ் கூடாது.

ஆகஸ்ட் 26

தெளிந்துவிட்டது. சரிவு தெரிகிறது. கரையில் நின்று தரை டைல்ஸின் கோட்டை எண்ணலாம்.

ஆகஸ்ட் 27

250 வோல்ட் மெக்கர், ஒயரின் காப்பை அளக்கும் கருவி. ஜாயிண்டைப் பிரித்து, விளக்கின் இரண்டு ஒயரையும் சேர்த்து எர்த்துக்கு. காலை: 1-வது 80 மெகா ஓம், 2-வது 60, 3-வது 85. மாலை: 80, 0.9, 85.

அரை மெகா ஓமுக்கு மேல் இருந்தால் விதிப்படி பாஸ். விதி இன்றைய எண்ணைத்தான் கேட்கிறது. காலையில் 60 இருந்தது மாலையில் 0.9 என்றால் எங்கோ தண்ணீர் நடந்து போய்க்கொண்டிருக்கிறது.

நடு விளக்கு. சரிவு.

ஆகஸ்ட் 28

2-வது பெட்டியைத் திறந்தது. ஒயரின் ரப்பர் உறைக்கும் உள்ளே இருக்கும் இரண்டு இழைக்கும் நடுவே, வெட்டிய முனையில், கடுகளவு ஈரம். துடைத்தேன். ஐந்து நிமிடத்தில் மறுபடி. கீழே உறை கிழிந்திருக்கிறது, துளைக்குள்தான். அங்கிருந்து தண்ணீர், திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி, உறைக்குள்ளேயே ஏறி வருகிறது.

அதை மட்டும் பிரித்து, இரண்டு முனைக்கும் தனித்தனி மூடி. மற்ற இரண்டும் எரிகின்றன. கடையில் இதே விளக்கு ஒன்று இருக்கிறதாம், 10 மணிக்குத்தான் திறப்பார்கள். ஒன்றரை மீட்டர் சுருள் இருக்கிறது, தண்ணீர் இறக்க வேண்டாம். ஆனால் அதே துளை, அதே விளிம்பு. தண்ணீருக்குள் கையை விட்டு அரம் போட முடியுமா என்று